மல்லாந்து படுக்கும் வேலை

என் அக்காவைக் கட்டியவருக்கு பேக்கரியில் ‘விசில்’ என்று பெயர். ஆள் வாசலில் கால் வைக்கும் முன்பே அவர் நெஞ்சிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் உள்ளே வந்துவிடும். மாவு பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் அது கேட்கும். உடனே பின்பக்கம் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவன் அவசரமாக அணைப்பான். அணைக்காவிட்டால் மாமா பேசும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நான் அதே பேக்கரியில் மாவுக்காரன். மாவு என் பொறுப்பு, அடுப்பு மாமா பொறுப்பு. ரொட்டி பொங்கி வந்தால் அடுப்புக்காரர் கைராசி. தட்டையாகப் போனால் மாவுக்காரன் தூங்கிவிட்டான். இது என்ன நியாயம் என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது விறகு அடுப்பு. ஒரு சின்ன அறை அளவுக்குச் செங்கல் கூடு, இடுப்பு உயரத்தில் இரும்புக் கதவு. நீளமான மரத்துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ள வேண்டும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எடுப்பார்கள். மாமா நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார். நிறம் பார்க்க முகத்தை உள்ளே நீட்ட வேண்டும், உள்ளே முழுக்கப் புகை. வெளியே வந்தால் மனுஷனுக்கு ஓய்வு வேண்டாமா? அப்போது ஒரு சிகரெட். முதலாளிக்கு ஒருவழியாக மனசு வந்து கேஸ் அடுப்பு வாங்கிப் போட்டபோது மாமாவின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது.

நெஞ்சு டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மாமா ஊதியது பாதியிலேயே நின்றது. “நுரையீரல்ல போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். ஆனா இந்தக் கருமத்தை விட்டாதான்” என்றார் டாக்டர். மாமா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக பேக்கரிக்கு வந்து சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியை அடுப்புக்குள் எறிந்தார். ஒரு தட்டு பன் நாறிப்போனது. முதலாளி அதற்குக் காசு பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒன்றுகூடத் தொட்டதில்லை. அந்த வைராக்கியம் எனக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகையை விட்டாச்சு, அதோடு தீர்ந்தது என்று அவர் நம்பினார். அது ஏற்கெனவே உடம்பில் வேறு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எது வந்தாலும் பழி நெஞ்சுக்குத்தான் போனது. வீட்டிலிருந்து பேக்கரிக்கு நடந்தால் வழியில் மூன்று நான்கு இடங்களில் நிற்பார். செருப்புத் தைக்கிறவர் கடை, விளக்குக் கம்பம், மருந்துக்கடைப் படி. நிற்கும்போது குனிந்து இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வார். மூச்சு வாங்குகிற மனுஷன் குனிந்துதானே நிற்பான் என்று நாங்கள் நினைத்தோம். செருப்புத் தைக்கிறவர்கூட ஒரு முக்காலியை எடுத்துப்போட்டு, “மூச்சு வாங்கிட்டுப் போங்க, ரொட்டி எங்க ஓடிப் போகுது” என்பார்.

பிறகு அவர் கட்டிலை விட்டு நாற்காலிக்கு மாறினார். நெஞ்சு நோய்க்காரர்கள் பலர் உட்கார்ந்துகொண்டு தூங்குவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும், நெஞ்சு டாக்டரின் வரவேற்பறையில் அவளுக்குப் பேச்சுத் துணையாக இருந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் கட்டிலை நாற்காலிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, விசில் சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். காலையில் துணிக் கம்பெனிக்குப் போய் நாள் முழுக்க சட்டைக்குப் பட்டன் வைப்பாள். அங்கே ஊசியோடு கண் அசந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதெல்லாம் அப்போதுதான்.

அடுத்து வந்தது கால் குளிர்ச்சி. இடது கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கிறது என்பார். இதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், அடுப்புக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அடுப்பின் கீழ்த்தகட்டில் பாதத்தை வைத்துக்கொள்வார். தட்டு மாறும் நேரமெல்லாம் இதேதான். “விசிலண்ணே, ஒரு பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுங்க” என்று பன் உருட்டுகிறவன் கத்துவான். பேக்கரியே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார், சிரிப்பு இருமலாக முடியும்.

அடுப்பு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சுட்ட காயத்தை யாரும் காயமாக எண்ணுவதில்லை. அடுப்புக்காரன் கையைப் பார்த்தால் முழங்கை வரை கோடு கோடாக இருக்கும். தட்டு பட்டது, கதவு பட்டது, அவ்வளவுதான். ஒரு விரல் வெண்ணெய் தடவிவிட்டு அடுத்த தட்டைத் தள்ளுவார்கள். ‘ஸ்’ என்று சத்தம் போட்டால் அவன் அடுப்புக்கு லாயக்கில்லை. அதனால் ஒருநாள் தகட்டில் வைத்த கால் விரல்களில் கொப்புளம் வந்தபோது மாமா வெண்ணெய் தடவி, சாக்ஸ் மாட்டிக்கொண்டார். கொப்புளம் வரும் அளவுக்குச் சுட்டது தனக்கு ஏன் உறைக்கவே இல்லை என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

கைக் காயம் என்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. சாக்ஸ் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அவரே துவைத்தார், அவரே காயப்போட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைக்காத மனுஷன் சாக்ஸ் துவைக்கிறாரே என்று அக்காவுக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அறையைக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு வாடை வந்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று நாற்காலிக்கு அடியில் குனிந்தவள் சாக்ஸைப் பார்த்தாள். உருவினாள். நான் மாடி வீட்டில்தான் இருக்கிறேன். அவள் போட்ட சத்தத்தில் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தேன்.

இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் கருத்திருந்தன. பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது.

“என்னங்க இது? எத்தனை நாளா இருக்கு?”

“அடுப்பு சுட்டது.”

“அடுப்பு சுட்டா சிவக்கும். இது கருப்பா இருக்கு!”

“கத்தாதம்மா, பக்கத்து வீட்ல கேக்கப் போவுது.”

“கேக்கட்டும்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. நீங்க ஒரு காலையே சாக்ஸ்ல மறைச்சிருக்கீங்க!”

மாமா என்னைப் பார்த்தார். நான் காப்பாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. “சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல மாமா?” என்று நானும் எரிந்து விழுந்தேன். அவர் வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

“மாப்ளே, மூச்சு இல்லன்னாலும் அடுப்பு முன்னாடி நிக்கலாம். நின்னு காட்டிட்டேன். காலும் போச்சுன்னு தெரிஞ்சா முதலாளி என்னை எங்க நிறுத்துவாரு?”

அக்கா சாக்ஸைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க” என்று அழுதாள். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

எங்களுக்குத் தெரிந்த டாக்டர் நெஞ்சு டாக்டர்தான், அதனால் அவர் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அவர் பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து நாடி தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார். “இவ்வளவு தடவை வந்திருக்கீங்க. ஒரு தடவைகூட நான் உங்க செருப்பைக் கழட்டச் சொல்லல” என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் அந்த வார்த்தையில் பாதி இறங்கிவிட்டது. அவரே பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ரத்தக்குழாய் டாக்டரிடம் பேசினார்.

ரத்தக்குழாய் டாக்டர் ஒரு அம்மாள். நேராக விஷயத்துக்கு வருபவர். மாமாவைச் சாய்வாகப் படுக்க வைத்து இடது காலைத் தூக்கிப் பிடித்தார். பாதம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. பிறகு உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அது கருஞ்சிவப்பாக மாறியது. கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை கட்டிக் காற்றடித்து, சின்னதாக ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தார். வலது பாதத்தில் வைத்தபோது அதிலிருந்து ‘விஷ்க், விஷ்க்’ என்று ரத்தம் ஓடும் சத்தம் வந்தது. இடது பாதத்தில் வெறும் இரைச்சல்.

“ராத்திரி எப்படித் தூங்குறீங்க?” என்று கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னாள். “நாற்காலியிலதான் டாக்டர். ரொம்ப நாளா அப்படித்தான். படுத்தா மூச்சு முட்டும்.”

டாக்டர் அக்காவைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்தார். “மூச்சுக்காகவா, காலுக்காகவா?”

மாமா தலை குனிந்துகொண்டார். “கால் தொங்கினா வலி கொஞ்சம் அடங்குது” என்றார்.

அக்கா அவரை அப்படி ஒரு பார்வை பார்த்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனை இரவு அவள் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருந்தாள், அதே இருட்டில் இரண்டடி தள்ளி அவர் காலைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் தூங்குவதாக நடித்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

டாக்டர் ஒரு தாளில் குழாய் மாதிரி இரண்டு கோடு போட்டார். “புகை நுரையீரலோட நின்னுடாது. ரத்தத்துல கலந்து குழாய்ச் சுவரையும் அரிச்சு, கொழுப்பைப் படிய வைக்கும். நுரையீரல்ல எப்பவும் புண்ணு மாதிரி ஒரு வீக்கம் இருக்கு பாருங்க, அந்தச் சூடும் ரத்தத்தோட ஊரெல்லாம் சுத்தும். அதனால இந்த நெஞ்சு நோய் இருக்கறவங்கள்ல நிறையப் பேருக்கு குழாய் அடைப்பும் கூடவே வருது. வழக்கமா நடந்தா கெண்டைக்கால் வலிக்கும், அதை வெச்சுக் கண்டுபிடிப்போம். இவருக்கு அந்த வலி வர்ற தூரம் நடக்கவே மூச்சு விட்டிருக்காது. வந்தாலும் மூச்சுன்னு நினைச்சிருப்பாங்க.”

விளக்குக் கம்பத்தடியில் அவர் குனிந்து நின்றது என் கண் முன்னால் வந்தது.

“காலை எடுக்கணுமா?” என்று மாமா நேரடியாகக் கேட்டார். “எடுக்கணும்னா எடுத்துடுங்க டாக்டர். கட்டைக்கால் வெச்சுக்கறேன்.”

“அப்படி லேசா சொல்லாதீங்க. கட்டைக்கால்ல நடக்க ரெண்டு கால்ல நடக்கறதைவிட நிறைய மூச்சு வேணும். உங்ககிட்ட இருக்கறது பத்தாது. கால் போனா நீங்க கட்டிலை விட்டு எழுந்திருக்கப் போறதில்ல. அதனாலதான் இந்தக் காலை நான் விட மாட்டேன்.”

அறுத்துத் தைக்கும் பெரிய ஆபரேஷனுக்கு இந்த நெஞ்சு தாங்காது என்றார். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சு திரும்பாமல் போகலாம். ஒரே வழிதான் இருந்தது. தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பு இருக்கும் இடத்தில் குட்டி பலூனை ஊதித் திறப்பது. ஆள் முழித்திருப்பார். அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. மல்லாந்து படுத்து, அசையாமல், இருமாமல் இருக்க வேண்டும்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! மாமா மல்லாந்து படுத்தே எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. காலுக்காக நாற்காலிக்குப் போனவர் என்றாலும், நெஞ்சும் அதற்குள் நாற்காலிக்குப் பழகிவிட்டது. படுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது.

முதல் தடவை தெரிந்துவிட்டது. உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கதவைத் தாண்டி இருமல் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த இருமல்தான், ஆரம்பித்தால் நிற்காத இருமல். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். “ஊசி போட்டதும் ஆரம்பிச்சுடுச்சு. கம்பி உள்ள இருக்கும்போது இப்படி இருமினா குழாய் கிழிஞ்சுடும். நெஞ்சை முதல்ல அடக்கணும். மருந்து தரேன். நீங்க இவரைப் படுக்கப் பழக்குங்க.”

“எப்படிப் பழக்கறது?” என்றாள் அக்கா.

“தலையணையைக் குறைச்சுக் குறைச்சு.”

வார்டில் ஜன்னலோரக் கட்டில். முதுகுக்கு ஐந்து தலையணை அடுக்கி, அதில் மாமா சாய்ந்திருப்பார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வேளாவேளைக்கு மருந்துப் புகையை முகமூடி வைத்து இழுக்க வேண்டும். புகையால் கெட்டவனுக்குப் புகையிலேயே வைத்தியமா என்று கேட்டு நர்ஸைச் சிரிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் மருந்து இழுத்து முடித்ததும் அக்கா ஒரு தலையணையை உருவுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். விசில் ஏறும். நெற்றி வேர்க்கும். இருமல் கிளம்பினால் தலையணையைத் திரும்பச் செருக வேண்டும்.

“இன்னும் கொஞ்சம் இருங்க. இன்னும் கொஞ்சம்.”

“நீ படுத்துப் பாரேன்.”

“எனக்கென்ன? நான் நல்லா படுப்பேன். எனக்கு ஒண்ணும் மறைக்கத் தெரியாது.”

அந்தக் குத்தல் பேச்சை அவள் வார்டில் இருந்த நாளெல்லாம் விடவில்லை. அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு பக்கம் பாதம். காலையில் நர்ஸ் வந்து கருப்பு எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். மறுநாள் காலை வந்து கோட்டைப் பார்ப்பார். அவர் வரும் முன்பே நாங்கள் பார்த்துவிடுவோம். முதல் நாள் கோடு அப்படியே இருந்தது. அக்கா அன்று இரண்டு தலையணை உருவினாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. மறுநாள் மாமாவுக்கு சளி கட்டிக்கொண்டது. இரண்டும் திரும்ப ஏறின. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. அதற்கடுத்த நாள் கருப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

அதிகம் இல்லை, ஒரு நூல் அளவுதான். ஆனால் தாண்டிவிட்டது. நர்ஸ் பழைய கோட்டை அழிக்காமல் மேலே புதுக்கோடு போட்டார். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. அக்கா ஒரு தலையணையை உருவினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், உதடு நீலம் பாய்ந்தது.

“அக்கா, போதும். செத்துடுவாரு.”

“நீ வெளிய போடா” என்றாள். போனேன். அவள் கோபத்தின் முன்னால் நான் எப்போது நின்றிருக்கிறேன்? கதவு இடுக்கில் பார்த்தால், அவள் அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, அவர் மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதி. அவரும் ஊதினார். கண்ணை மூடித் தூங்குவதாக நடித்த இரண்டு பேரும் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊதினார்கள்.

அன்று மாலைக்குள் ஒரே ஒரு தலையணை மிச்சம் இருந்தது. அதற்குக் கீழே அவரால் போக முடியவில்லை. டாக்டர் வந்து பாதத்தைப் பார்த்தார், நீலக் கோடுகளைப் பார்த்தார்.

“இனி காத்திருக்க முடியாது. காலையில செய்யறோம்.”

“இன்னும் ஒரு தலையணை இருக்கே டாக்டர்” என்றாள் அக்கா.

“அது இருக்கட்டும். அந்த ஒண்ணோட நான் சமாளிச்சுக்கறேன். ஆனா இருமல் வந்தா நிறுத்திடுவேன். மூணாவது தடவைக்குப் பாதம் இருக்காது.”

காலையில் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரை நான் கூடவே போனேன். “மாமா, மல்லாந்து படுத்துக்கிட்டு எச்சில் துப்பினா நம்ம மேலதான் விழும், ஞாபகம் வெச்சுக்கங்க” என்று என்னால் முடிந்த ஜோக்கைச் சொன்னேன். “உன் மாவைவிடக் கேவலமா இருக்கு மாப்ளே” என்றார். கதவு மூடிக்கொண்டது.

நான் கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை. உருவிய தலையணைகளில் ஒன்றை எதற்கென்று தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், அதைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. வாழ்நாளெல்லாம் நான் சலித்துக்கொண்ட அந்த இருமல் வரக் கூடாது, வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஒரு சத்தமும் வரவில்லையே, மூச்சு இருக்கிறதா என்று பயம் பிடித்தது. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் அவசரமாக வெளியே வந்து, எதிர் அறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அக்கா “என்னம்மா ஆச்சு?” என்றாள். கதவு அதற்குள் மூடிவிட்டது. அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய் அவள் முதுகில் கையை வைத்தேன்.

டாக்டர் வெளியே வந்தார்.

“திறந்தாச்சு. ரத்தம் பாதத்துக்கு இறங்கிடுச்சு” என்றார். “அந்த ரெண்டு விரல் போயிடும். அதை அப்புறமா, கணுக்கால்ல ஊசி போட்டே எடுத்துடலாம். கால் நிக்கும்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்காவுக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. “இருமலையா?” என்று கேட்டாள்.

“இருமல. திரையில தன் கால் குழாயவே பார்த்துட்டு இருந்தாரு. குழாய் தெரியறதுக்காக விட்ட மருந்து கருப்பா இறங்கி பாதி வழியில நின்னுச்சு. ‘இன்னும் நிறம் வரல, இன்னும் வரல’ன்னு முணுமுணுத்தாரு. பலூன் ஊதினப்புறம் கீழ வரைக்கும் ஓடுச்சு பாருங்க, ‘வந்துடுச்சு’ன்னாரு. எனக்கு முன்னாடி அவருதான் சொன்னாரு.”

பிறகு எச்சரித்தார். ஊசி போட்ட இடம் இன்னும் பச்சை. சாயங்காலம் வரை அந்தக் காலை மடக்கக் கூடாது, எழக் கூடாது. இருமினால் அந்த இடத்தில் ரத்தம் பீறிடலாம். “இருமல் வர்ற மாதிரி இருந்தா, தொடையில போட்டிருக்கற கட்டுக்கு மேல ரெண்டு கையாலயும் நல்லா அழுத்திப் பிடிங்க” என்று நர்ஸ் அக்காவுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தார்.

மாமாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே தலையணையில் மல்லாந்து கிடந்தார். நான் போர்வையைத் தூக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வலது கால் அளவுக்கு இல்லை, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல செய்தி சொல்லலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் சரியில்லை.

கண் பிதுங்கியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயை இறுக மூடி மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அடக்கி வைத்தது அத்தனையும் இப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார். எதற்காக? காலுக்காக இல்லை. அக்கா பயந்துவிடுவாள் என்று. எனக்கு அது பார்த்த உடனே புரிந்தது, அவளுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முழங்காலைக் கட்டில் மேல் ஊன்றி ஏறினாள். வார்டே பார்த்தது. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. போர்வையை விலக்கி, கட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தன் உடம்பு பாரம் முழுக்க அதில் போட்டு அழுத்தினாள்.

“இருமுங்க” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இனிமே எங்கிட்ட எதையும் அடக்கி வெக்காதீங்க. நான் புடிச்சிருக்கேன். இருமுங்க.”

அவர் இருமினார். கட்டில் அதிர்ந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது, நர்ஸ் ஓடி வந்தார். ஒன்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. அக்கா அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுத்தினாள். நர்ஸ் குனிந்து கட்டைப் பார்த்துவிட்டு, “ரத்தம் வரலம்மா, நிக்குது, நீங்க கையை எடுக்கலாம்” என்றார்.

அவள் எடுக்கவில்லை.